ஒண்ணுமில்ல டாக்டர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்ட வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒரு டாக்டரம்மாவின் கதை. அவள் வாயில் குடியிருந்த ஒரே ஒரு வார்த்தையின் கதை என்றும் வைத்துக்கொள்ளலாம். சிரிப்பு இதில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். மீதியைக் கேட்க மனதைக் கொஞ்சம் கெட்டிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த டாக்டருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒண்ணுமில்ல டாக்டர். அவள் அறுவை சிகிச்சை செய்கிறவள். கத்தியைப் பிடித்தால் கை கல்லு மாதிரி நிற்கும். ஆனால் பெயர் வந்தது கையால் அல்ல, வாயால். கட்டி என்று வந்தால், "ஒண்ணுமில்லம்மா, வெறும் கொழுப்பு." குடல் இறங்கியிருக்கிறது என்று வந்தால், "ஒண்ணுமில்லங்க, அரை மணி நேர வேலை." ஒரு முறை மரப்பட்டறை ஆள் ஒருவர் அறுபட்ட விரலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "ஒண்ணுமில்ல, உள்ள வாங்க" என்றாள்.

"ஒண்ணு இல்லதான் டாக்டர். அதான் கையோட கொண்டு வந்திருக்கேன்" என்றார் அவர்.

அந்த வலியிலும் அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், நர்ஸ் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விரலும் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரும் அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

அது கெட்ட வார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். பயந்து வெளிறிப்போய் வருகிறவர்களுக்கு அந்த வார்த்தையிலேயே பாதி உயிர் வந்துவிடும். இரண்டு நாளாகத் தூங்காதவர்கள் அவள் அறையை விட்டு வெளியே வந்து பெஞ்சிலேயே தூங்கிவிழுவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொல்வாள். பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். ஒரே ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவை வந்தவள் ஒரு தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், நாற்பத்திரண்டு வயது. கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று பக்கத்தில் இருந்த சின்ன ஆபரேஷன் அறைக்கே கூட்டிப்போனாள்.

மரத்துப்போகிற ஊசி போட்டு, துணுக்கை எடுத்து, மூன்று தையல் போட்டாள். தையல்காரி தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இடைவெளி ஒரே மாதிரி விழல. என்கிட்ட வேலைக்கு வந்திருந்தா பிரிச்சுத் தைங்கன்னு சொல்லியிருப்பேன்."

"உங்க துணி பேசாம கிடக்கும். என் துணி வாயாடுதே, நான் என்ன பண்ண?"

கட்டைவிரல் அளவு பாட்டில், அதில் மருந்துத் தண்ணீர், அதற்குள் அந்தத் துணுக்கு. நர்ஸ் பாட்டிலை ஒரு கையிலும், லேபுக்குப் போகவேண்டிய காகிதத்தை மறு கையிலும் நீட்டினாள். காகிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். டாக்டரின் கையுறையெல்லாம் ரத்தம். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"வெச்சிடுங்க சிஸ்டர், அப்புறம் போடறேன்."

நர்ஸ் வைத்தாள். காகிதத்தைப் பாட்டிலோடு சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியில், டாக்டர் பார்க்கவேண்டியவை இருக்கும் தட்டில் வைத்தாள். வைக்கச் சொன்னவள் மறந்தாள். வைத்தவள் மறுநாளே வேறு வார்டுக்கு மாற்றப்பட்டாள். பாட்டில் அங்கேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தையல்காரி முடிவு கேட்க வந்தாள். ஃபைலில் காகிதம் இல்லை. டாக்டர் உள்தொலைபேசியை எடுத்து லேபைக் கூப்பிட்டாள். கதவுக்கு வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சக்கரம் கட்டிய இரும்புக் கட்டில் ஒன்று தடதடவென்று போனது.

"போன வாரம் அனுப்பின மார்புக் கட்டி, தையல்காரம்மாவோடது. நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க. என்ன இருக்கு அதுல?"

லேப்காரர் பேரேட்டைப் புரட்டினார். பக்கம் திரும்பும் சத்தம் இவள் காதுக்கே கேட்டது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கவனித்தீர்களா, கண்ணுகளா? அவர் சொன்னது, அந்த நம்பருக்கு இங்கே எதுவும் வந்து சேரவில்லை என்று. இவள் கேட்டது, துணுக்கில் நோய் எதுவும் இல்லை என்று. நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். எது ஒண்ணும் இல்ல என்று இவள் கேட்டிருக்கலாம். பாட்டிலே வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. காதில் விழுந்ததும் வாய்க்கு வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. நிம்மதியா போய்த் தைங்க."

தையல்காரி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். டாக்டர் ஃபைலில் "சோதனை முடிவு: ஒன்றுமில்லை" என்று எழுதினாள். கீழே ஒரு வரி இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வேண்டிய இடத்தில் போடாமல், வேண்டாத இடத்தில் போட்டாள்.

எட்டு மாதம் ஓடியது.

தையல்காரி மறுபடி வந்தபோது டாக்டருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முகம் வற்றி, இடது கை வீங்கி, நாலு எட்டு வைப்பதற்குள் இருமிக்கொண்டு, கணவர் தோளில் சாய்ந்து வந்தாள். கணவர் பஸ் டிரைவர். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். பின்னால் பத்தொன்பது வயது மகள், கையில் தண்ணீர் பாட்டில்.

டாக்டர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். கோலிக்குண்டு இருந்த இடத்தில் கல்லைப் பதித்தது போல் இருந்தது. அக்குளிலும் கட்டிகள். முதுகெலும்பை விரலால் தட்டியதும் அவள் துள்ளினாள்.

"எப்போலேர்ந்தும்மா இப்படி?"

"நாலஞ்சு மாசமா பெருசாகுது டாக்டரம்மா. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே, அதனால பயப்படல. இது வேற ஏதோ புதுசா வந்திருக்கும். நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கம் டிரைவர் வெடித்தார்.

"இருந்துட்டேன்னு எவ்வளவு சுலபமா சொல்றா பாருங்க! தலையில அடிச்சுக்கிட்டேன் டாக்டர். வளருதுடி, போய்க் காட்டுடின்னு. ஸ்கூல் திறக்கப்போவுது, நூறு சட்டை பாக்கி இருக்குங்கறா. இப்ப யாரு போட்டுக்கறது அந்தச் சட்டையை?"

"ஏங்க, ஆஸ்பத்திரியில கத்தாதீங்க."

"கத்தாம? கொஞ்சவா உன்னை?"

டாக்டரின் வாயில் அந்த வார்த்தை பழக்கத்தில் வந்து நின்றது. அதை முழுங்கிவிட்டு, வார்டில் சேர்க்கச் சொல்லி, படம் எடுக்க எழுதிக்கொடுத்தாள்.

பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினாள். தன் கையெழுத்து இருந்தது. லேப் காகிதம் இல்லை. மாடிப்படி இறங்கி லேபுக்கே போனாள். லேப்காரர் பழைய பேரேட்டை எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அந்த நம்பர் வரவே இல்லையே டாக்டர். நீங்ககூட போன் பண்ணிக் கேட்டீங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னேனே, ஞாபகம் இல்ல?"

அவள் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பித் தானே விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"டாக்டர்? உக்காருங்க, முகமே சரியில்ல."

உட்காரவில்லை. நேராகச் சின்ன ஆபரேஷன் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். தட்டில் பழைய பஞ்சுப் பொட்டலம், காலாவதியான களிம்பு, அவற்றுக்குப் பின்னால் பாட்டில். ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடும் கட்டம் காலி. உள்ளே அந்தத் துணுக்கு, எட்டு மாதமாக, யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்தது.

அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள். பழைய தேதி போடாமல், அன்றைய தேதியையே போட்டாள். பாட்டிலைத் தன் கையாலேயே லேபில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்காம் நாள் முடிவு வந்தது: புற்று. படங்களும் வந்தன: நுரையீரலில் இருந்தது, முதுகெலும்பில் இருந்தது.

பெரிய டாக்டர், அதாவது அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவர், அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தானே எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இத பாரும்மா. இப்ப நீ போய்ச் சொன்னா அவங்க பொழைச்சுடப் போறாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப யாருக்காகச் சொல்ற? உன் நெஞ்சு பாரத்தை இறக்கி வைக்க, சாகப்போற பொம்பளை மேல ஏத்தறியா? நிம்மதியா போகட்டும், விடு. வாரத்துக்கு முப்பது பேரை நீ மேஜையில ஏத்தற. உன்னை நிறுத்திட்டா அந்த முப்பது பேரு எங்க போவாங்க?"

அவர் ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அந்தக் காலி வரியின் மேல் விரலை வைத்தார்.

"ஒரு வரி இடம் இருக்கு. 'மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லப்பட்டது.' அவ்வளவுதான். எப்பவும் வாயால சொல்றதுதானே? எழுத விட்டுப்போச்சு."

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லல சார்."

"சொல்லியிருப்ப. யோசிச்சுப் பாரு."

பேனாவை ஃபைல் மேல் வைத்துவிட்டு, போன் பேசுவதற்காக வெளியே போனார்.

கண்ணுகளா, அவள் பேனாவை எடுத்தாள். நான் மறைக்கமாட்டேன். எடுத்து, "மூன்று" என்று எழுதியும்விட்டாள். அவளுக்கும் வீடு இருக்கிறது. பதினாறு வருடப் படிப்பும் உழைப்பும் இருக்கிறது. முப்பது பேர் என்று அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அடுத்த வார்த்தைக்குப் பேனா நகரும்போது நர்ஸ் கதவைத் தட்டினாள். எட்டாம் நம்பர் கட்டிலுக்கு வலி தாங்கவில்லை, ஊசிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கவேண்டும் என்றாள். எட்டாம் நம்பர் நம் தையல்காரிதான். டாக்டர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே மகளின் குரல். அழுது அழுது கட்டிப்போன குரல்.

"உனக்கு அந்த மெஷின்தான் பெருசு. நாங்க எல்லாம் யாரோ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடையை மூடிட்டு வந்து காட்டியிருந்தா இப்படிக் கிடப்பியா?"

"தப்புதான்டி. என் தப்புதான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? எனக்கு இனிமே யாரும்மா இருக்கா?"

"மன்னிச்சுக்கடி கண்ணு. அம்மா புத்தி கெட்டுப் போயிட்டேன்."

வலியில் சுருண்டு கிடக்கிறவள், தான் செய்யாத தப்புக்குப் பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் திரைக்கு வெளியே நின்றபடி ஃபைலைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. எழுதியதை அடித்தால் ஒற்றைக் கோடுதான் போடவேண்டும். அடித்தது என்ன என்று படிக்க முடியவேண்டும். "மூன்று" என்பதன் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய் முதலில் ஊசியைப் போடச் செய்தாள். வலி அடங்கும்வரை காத்திருந்தாள். சாயங்காலம் டிரைவர் வேலை முடிந்து வந்ததும், முக்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. மூணு பேரும் கேக்கணும்."

"சொல்லுங்க டாக்டரம்மா."

"இது புதுசா வந்த நோய் இல்ல. எட்டு மாசம் முன்னாடி வந்தப்பவே இருந்தது. அன்னைக்கு எடுத்த துணுக்கை நான் சோதனைக்கு அனுப்பவே இல்ல. காகிதத்துல கையெழுத்துப் போட மறந்துட்டேன். லேப்ல ஒண்ணும் வரலன்னு சொன்னதை, நோய் ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கிட்டேன். பாக்காமயே உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னேன். நீங்க வராம இருந்தது அசட்டை இல்லம்மா. நீங்க என்னை நம்பினீங்க, அவ்வளவுதான். தப்பு என்னோடது."

வார்டில் யாரோ தட்டில் கரண்டியை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே பாத்திருந்தா?" என்றாள் தையல்காரி.

இந்தக் கேள்வி வரும் என்று டாக்டருக்குத் தெரியும். மழுப்புவதற்கு நூறு வழி உண்டு என்பதும் தெரியும்.

"பெரும்பாலும் பொழைச்சிருப்பீங்க."

டிரைவர் எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி சாய்ந்து விழுந்தது. கையை ஓங்கிவிட்டார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் கண் டாக்டரைத் தாண்டி மனைவி மேல் போனது. நாலு மாதமாகத் தான் பேசிய பேச்செல்லாம் அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். கை மெல்ல இறங்கிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"நான் உன்னை என்னென்ன சொன்னேன்..." என்றார்.

மகள் அம்மாவின் வீங்கிய கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தையல்காரி டாக்டரைப் பார்த்தாள்.

"எந்திரிச்சு வெளிய போங்க."

டாக்டர் போனாள். அன்றைக்கே நடந்ததையெல்லாம், அந்த "மூன்று" உட்பட, தன் கைப்பட எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தாள். பெரிய டாக்டர் அதை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணை வந்தது. லேப்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் சொன்னது சரிதான், கேட்ட காது என்னுடையது என்று சொல்லி அவரை விடுவித்தாள். முடிவு வரும்வரை கத்தியைத் தொடக்கூடாது என்றார்கள். அவளுக்கு வரவேண்டியவர்கள் வேறு டாக்டருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவருக்கு நாள் தள்ளிப்போய்க் காலே போயிற்று. பெரிய டாக்டர் சொன்னது அந்த மட்டில் பலித்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், இந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து மகள் வந்து டாக்டரின் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா கூப்பிடறாங்க."

தையல்காரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் காற்றுக் குழாய்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நினைக்கல."

"இங்க வர்ற எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்ங்கறாங்க. உங்களுக்குப் பதிலா வந்த அந்தப் புது டாக்டரும்தான். என் கண்ணைப் பாத்துச் சொல்லமாட்டேங்கறாரு. இனிமே எனக்குப் பொய் சொல்ல முடியாத ஆளு இந்த ஆஸ்பத்திரியிலயே நீங்க ஒருத்திதான். எவ்வளவு நாள்?"

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தாள். படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை வரிவரியாகப் படித்தாள். தையல்காரி அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டு மாசம். மூணு கஷ்டம்."

"வலி?"

"வலியை அடக்க முடியும். அதுக்கு மருந்து இருக்கு. மூச்சுதான் கடைசியில சிரமப்படுத்தும். அதுக்கும் கொஞ்சம் செய்யலாம். முழுசா முடியாது."

தையல்காரி தலையை ஆட்டினாள். யாரோ அளவு சொல்ல, குறித்துக்கொள்வது போல ஆட்டினாள்.

"அப்ப இங்க எதுக்குக் கிடக்கணும்? வீட்டுக்குப் போறேன். இவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் சும்மா பேசிட்டிருக்கணும். பன்னெண்டு வருஷமா மெஷின் சத்தத்துல இவ பேசினது பாதி என் காதுல விழல."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனார்கள். வாரம் இரண்டு தடவை டாக்டர் போய் வலிக்கு மருந்து பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். டிரைவர் கதவைத் திறந்துவிடுவார், பேசமாட்டார். எழுபத்தியோராம் நாள் பகல் பதினோரு மணிக்குத் தையல்காரி போய்ச் சேர்ந்தாள். அப்போது டாக்டர் அங்கேதான் இருந்தாள். நாடியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் காதுக்குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, போய்விட்டார்கள் என்றாள். டிரைவர் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"நல்லா பாத்துட்டீங்களா?"

அவள் மறுபடியும் குனிந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தாள்.

"பாத்துட்டேன்" என்றாள்.

ஒரு வருடம் கழித்து அவளைத் திரும்பக் கத்தி பிடிக்க விட்டார்கள். இப்போதும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு அவளிடம் ஒரு குறை உண்டு. முகம் கொடுத்துப் பேசுவதில்லை, காகிதத்தைக் கையில் வாங்காமல் ஒரு வார்த்தை சொல்வதில்லை, சொல்வதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வருகிறது என்கிறார்கள். பழைய பட்டப்பெயரை யாரும் சொல்வதில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் கட்டியோ காய்ச்சலோ அண்டாமல் இருக்கட்டும். அப்படியே வந்தாலும் உங்களைத் தொட்டுப் பார்க்கிற கைக்குப் பொறுமை இருக்கட்டும், அவசரம் இல்லாமல் இருக்கட்டும். "ஒண்ணுமில்ல" என்று உங்கள் வாசலுக்கு வருகிற வார்த்தை, ஒருத்தர் உட்கார்ந்து, பார்த்து, படித்துச் சொன்ன வார்த்தையாகவே வரட்டும். உங்கள் வீட்டில் ஒருத்தர் பேசுவது மற்றவர் காதில் விழட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.